கோடு விழுந்த பலகை

டார்சிக்கு இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. வாரம் முழுக்க உறைந்த தரையில் கடப்பாரை போட்டு வேலிக்குக் குழி தோண்டியவன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பீரை எடுத்துக்கொண்டு சாயலாம் என்று கராஜுக்குள் போனபோது மகள் டீகனின் பனிச்சறுக்குப் பலகை கண்ணில் பட்டது. சுவரோரம் அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அடி முழுக்க மெல்லிய கோடுகள். நுனியிலிருந்து வால் வரை நூல் நூலாக.

"மேக்ஸீன், இங்க வா. உன் மக பாறையில தேச்சுக்கிட்டு வந்திருக்கா."

மேக்ஸீன் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "அவ பலகை, அவளுக்குத் தெரியும். பழைய பலகையை எடுத்துக்கிட்டு கோச்சோட மலைக்குப் போயிருக்கா. வந்ததும் கேளு."

"நாளைக்கு ரேஸ். மாநில அணிக்கு ஆள் எடுக்கறாங்க. இதைக் கட்டிக்கிட்டு எறங்கினா கடைசியாத்தான் வருவா." இரும்பு விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். நடுவில் கூர் இருந்தது. இரண்டு முனையும் மொழுக்கென்று இருந்தன. "பாரு, மழுங்கிக் கெடக்கு."

"அப்ப ராஸ் கடைக்குக் கொண்டு போ."

அந்தப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. ஜிண்டபைன் ஊரில் பலகை தீட்டுவதில் ராஸை மிஞ்ச ஆள் இல்லை என்பது டார்சிக்கும் தெரியும். ஆனால் போன வருஷம் பப்பில் அத்தனை பேர் முன்னால், "டார்சி போட்ட வேலி நேராத் தெரியணும்னா நாலு பீர் உள்ள போகணும்" என்று சொன்னவன் அவன். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

"எத்தனை ரம்பம் தீட்டின கை இது. ஒரு பலகைக்காக அவன் வாசல்ல போய் நிக்கணுமா."

இரண்டு வேலிக் கட்டைகளின் மேல் பலகையைக் கவிழ்த்துப் போட்டான். அரத்தை எடுத்து முனைகளை ராவினான். ரோமம் மழிக்கிற கூர் வந்தது. பிறகு உப்புத்தாளால் அடியைத் தேய்த்தான். கோடுகள் போய்க் கண்ணாடி மாதிரி ஆனது. இடுப்பு வலிகூடக் கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது.

அடுத்தது மெழுகு. இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தேய்ப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எவ்வளவு சூட்டில் என்பது தெரியாது. சூட்டை முழுசாகத் திருப்பி வைத்தான்.

"என்ன புகை வருது?" என்றாள் மேக்ஸீன் சமையலறையிலிருந்து.

"மெழுகு."

"எதை வெச்சு உருக்கற?"

அவள் வந்து பார்த்தாள். "நாளைக்கு மோட்டல் வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டையை நான் எதுல தேய்க்கறது?"

"கசங்கின சட்டையப் பாத்து எவனும் ரூமைக் காலி பண்ணமாட்டான், போ."

இஸ்திரிப்பெட்டியைத் தூக்கியபோது பலகையின் அடியில் அப்பளம் மாதிரி ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. கத்தி முனையால் குத்தினான். கொப்புளம் அமுங்கி, ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டிக் கொளுத்திச் சொட்டவிட்டான். பாதி பலகையில் விழுந்தது. மீதி கீழே கிடந்த கால்மிதியில் விழுந்து அது பற்றிக்கொண்டது. பீரை ஊற்றித்தான் அணைத்தான்.

ஓடுகிறதா என்று பார்க்க, வீட்டுக்குப் பின்னால் பனி கிடந்த சரிவில் ஏறிப் பலகையில் காலைக் கட்டினான். பலகை நகரவில்லை. ஈரப் பனியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. உடம்பை உந்தித் தள்ளினான். நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில் தீட்டிய முனை பனிக்குள் கொக்கி போட்டு இழுத்தது. டார்சி முகம் குப்புறப் போனான். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"மூக்குல ரத்தம்," என்றாள் மேக்ஸீன், வண்டிச் சாவியை நீட்டியபடி. "தொடச்சுட்டு ராஸ் கடைக்குப் போ. பொண்ணு வர்றதுக்குள்ள போ."

போனான்.

கடையில் ராஸும் அவன் மனைவி நோரீனும் இருந்தார்கள். ராஸ் பலகையைத் திருப்பினான். அடியைத் தடவினான். முனையைத் தொட்டான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஆச்சுன்னு கேளு," என்றான் நோரீனிடம்.

"பொண்ணு பாறையில ஏத்திட்டான்னு சொல்லு," என்றான் டார்சி, அவனும் நோரீனிடமே.

"பாறைக்கு இஸ்திரி போடத் தெரியுமான்னு கேளு."

டார்சி தரையைப் பார்த்தான். பிறகு முதல் தடவையாக ராஸைப் பார்த்தான். "நாளைக்கு அவ ஓடணும், ராஸ். நான்தான் கெடுத்தேன். ஏதாவது பண்ணு."

ராஸ் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கல் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது. "ரேஸுக்கு முன்னாடி வந்து வாங்கிக்கச் சொல்லு. ஓடும்."

டார்சி பெருமூச்சு விட்டுப் பர்சை எடுத்தான். "எவ்வளவு, நோரீன்?"

"உள்ள வை," என்றாள் நோரீன். "நேத்து டீகன் இதைக் கொண்டாந்தப்ப இவரு சாயங்காலம் பூரா உக்காந்து, அடியில தண்ணி ஒட்டாம இருக்கக் கோடு இழுத்து, முனை கொக்கி போடாம இருக்க மழுக்கி, காசு வாங்காம அனுப்பினாரு. வேலியப் பத்திப் பேசினதுக்கு வாயால மன்னிப்பு கேக்க வரலேன்னு கையால கேட்டாரு. அதைத்தான் நீ உப்புத்தாள் போட்டு அழிச்சிருக்க. அதனால அந்த மன்னிப்பு இன்னும் இவரு உனக்குத் தரவேண்டிய பாக்கி."