ரோஜாவுக்கு ஒரு முகமூடி

சம்பத் லேப்டாப்பில் ரோஜாவை வைத்தான். ஆன்டிவைரஸ் அதைத் தூக்கி எறிந்தது. மறுபடி வைத்தான். மறுபடி எறிந்தது.

மறுநாள் கல்யாண நாள்; மனைவிக்கு அந்த ரோஜாவைக் காட்ட ஆசை. சித்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் படித்த காலத்தில் அவனே எழுதிய குட்டி புரோகிராம் அது. மிஷினைப் போட்டதும் கருப்புத் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு ரோஜா மலரும். சாயங்காலம், லேப் அசிஸ்டென்ட் தேவசேனாவின் மிஷினில் அதைத் திருட்டுத்தனமாக ஏற்றிவிட்டு ஓடிவிடுவான். காலையில் அவள் மிஷினைப் போடுவாள். சற்று நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்காக வெதுருகுப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான். கோயில் மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் ஏசி குளிர். என்ன காலம் அது!

அதே தேவசேனாவைத்தான் கட்டிக்கொண்டு திருப்பதியில் குடித்தனம். ரோஜாவைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் கூட வரும் யோகேஷ் வழி சொன்னான்.

"டெலிகிராம்ல ஒரு குரூப் கீதுண்ணா. ஆன்டிவைரஸ் கண்ணுல மண்ணு தூவுற டூலு விக்கறாங்க."

உள்ளே போனால் பங்காருபாளையம் மாங்காய் மண்டி தோற்றது. ஆளாளுக்குக் கூவினார்கள். ஒருவன் சம்பத்தைத் தனியாக அழைத்துப் பேசினான்.

"டென்ஷன் வத்துண்ணா, வேணாம்! நம்ம முகமூடிய மாட்டினா எந்த ஆன்டிவைரசுக்கும் தெரியாது. ஆனா மாட்டறதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிடு."

"அத ஆஃப் பண்ணிட்டா முகமூடி எதுக்குப்பா?"

"அது டெக்னிக்கல்ணா."

சம்பத் ஆஃப் செய்து மாட்டினான். ரோஜா மலரவில்லை. அதற்குப் பதில், அவன் வாட்ஸ்அப்பில் இருந்த அத்தனை பேருக்கும் 'உனக்காகவே ஒரு ரோஜா' என்று ஒரு லிங்க் பறந்தது.

முதல் போன் விஜயபுரத்திலிருந்து, தேவசேனாவின் அண்ணன் செங்கல்வராயன்.

"இன்னா மாப்ள, எனக்குப் போய் ரோஜா அனுப்பிக்கினு கீற?"

"அத தொடாத மச்சான்! வைரசு!"

அடுத்தது சூப்பர்வைசர் முனிகிருஷ்ணன். "லீவு வேணும்னா நேரா கேளு சம்பத்."

வியர்த்துக்கொண்டே விற்றவனைப் பிடித்தான். "அத எடுக்க வேற டூலு கீதுண்ணா" என்றான் அவன். அதையும் போட்டான். லேப்டாப் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. மகள் ஹர்ஷினி பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் உள்ளே.

தேவசேனா கடையிலிருந்து வந்தபோது தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"போட்டோ எல்லாம் போச்சி தேவசேனா."

"வேற ஹார்ட் டிஸ்க்ல காப்பி கீது. நீங்க கைய வைக்கிற பொட்டின்னு எனக்குத் தெரியாதா?" என்று பையை இறக்கினாள். "அப்படி இன்னாத்த போடப் போனீங்க?"

கூச்சத்தோடு சொன்னான். "நம்ம ரோஜா. சித்தூர்ல, தினம் காலைல உன் மிஷின்ல..."

அவள் அப்படியே நின்றாள்.

"ரோஜாவா? எங்க வந்துச்சி ரோஜா? கருப்பாயி ஹேங் ஆவும்! தினம் காலைல அந்த எழவ அழிக்கறதே எனக்கு வேலை!"

"அப்போ... தலையத் தூக்கிப் பார்ப்பியே?"

"எவன் போட்டான்னு கண்டுபுடிக்க எல்லார் மூஞ்சியும் பார்ப்பேன். அத்தினி பேர்ல நீங்க ஒருத்தர்தான் அப்பாவியா தெரிஞ்சீங்க. அதனாலதானே கட்டிக்கினேன்!"