ஃப்ரெட் நர்க் நறுக்கிய கேக்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபை டல்சி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. ஆராதனை முடிந்து, கோயில் கூடத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். சிரித்த சிரிப்பில் ஒரு கோப்பையின் காது போயிற்று. டல்சி விட்ட இடங்களைப் பிறகு மெர்வே நிரப்பினார், பாவம்.

மெர்வ் எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தலைவர். கோடைக்கு முன்னால் ஊர் கூடும் இடமெல்லாம் போய்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார். சின்ன ஊர். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சம்பந்தி. தப்புச் செய்தவன் பேரைச் சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியாது. அதனால் அவர் பேச்சில் தப்பெல்லாம் செய்கிறவன் ஃப்ரெட் நர்க். நாம் குப்பன் சுப்பன் என்போமே, அதுபோல ஆஸ்திரேலியாவில் இல்லாத ஆளுக்கு அதுதான் பேர். "ஃப்ரெட் நர்க் சூடு ஆறாத சாம்பலைக் குப்பைத் தொட்டியில கொட்டினான்னு வைங்க" என்று ஆரம்பிப்பார். முப்பது வருஷத்தில் ஃப்ரெட் விழாத ஏணி இல்லை.

டல்சி இதைச் சொன்னதற்கு முந்தின அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மெர்வ் தேநீருக்குத் துணையாக அலமாரியிலிருந்த நீலத் தகர டப்பாவைத் திறந்தார். பழக் கேக். ஒரு துண்டு வெட்டினார். அது சரியாக வெட்டப்படவில்லை என்று நேராக்க இன்னொரு துண்டு. மூடப் போகும்போதுதான் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது: "சனிக்கிழமைப் போட்டிக்கு. முழுசாக இருக்க வேண்டும்."

மெர்வ் அதை இரண்டு தரம் படித்தார். அவர் மனைவி கிளெனிஸ் ஊர்க் கண்காட்சியின் கேக் போட்டியில் ஆறு வருஷமாக இரண்டாம் பரிசு. இந்த வருஷம் விடப்போவதில்லை என்றிருந்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. டிசம்பர் ஒன்றாம் தேதி ஆற்றில் காட் மீன் பிடிக்கத் தடை நீங்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாரம் அவர் நண்பர்களோடு ஆற்றங்கரையில்தான். கிளெனிஸோ, அதே வாரம் ஆல்பரியில் தங்கை பெரில் வீட்டு வராந்தாவுக்கு வண்ணம் அடிக்க வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகுவலி, முழங்கால்வலி என்று தப்பித்து வந்தார். இப்போது கேக் விஷயம் தெரிந்தால் மீனாவது, ஆறாவது.

நேராகச் சொல்வதில்லை, ஃப்ரெட்டை முன்னால் அனுப்பி ஆழம் பார்ப்பது என்று தீர்மானித்தார். சாயங்காலச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"கிளெனிஸ், ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ. ஃப்ரெட் நர்க்னு ஒருத்தன்."

"ம்."

"அவன் பொண்டாட்டி ஏதோ போட்டிக்கு ஒரு கேக் செஞ்சு வச்சிருக்கா. இவனுக்குத் தெரியாது. தெரியாம..."

"நறுக்கிட்டானா?"

"ஒரு பேச்சுக்கு."

"பேரே நர்க். நறுக்காம எப்படி இருப்பான்? எத்தனை துண்டு?"

"ஒண்ணு. ஒண்ணரைன்னு வச்சுக்கயேன்."

கிளெனிஸ் மசித்த உருளைக்கிழங்கை அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "பாவம் அந்தப் பொம்பளை. இருந்தாலும் மன்னிச்சிருவா, மெர்வ்."

மெர்வுக்கு உயிர் வந்தது. "மன்னிப்பாளா?"

"அவன் ஏதாவது பரிகாரம் செஞ்சா."

"செய்வான், செய்வான். நல்லவன்தான். என்ன கேட்டாலும் செய்வான்."

"அவளுக்கும் ஒரு தங்கச்சி இருக்கான்னு வச்சுக்கோ. வராந்தாவுக்கு வண்ணம் அடிக்கணும். டிசம்பர் முதல் வாரம்."

ஃப்ரெட்டின் முதுகுதானே, ஃப்ரெட்டின் மீன்தானே என்று மெர்வ் தாராளமாகிவிட்டார். "போகத்தான் வேணும். கேக்கைத் தின்னவன் வண்ணம் அடிக்கிறதுதான் நியாயம். ரெண்டு பூச்சு அடிக்கச் சொல்லு."

"ஃப்ரெட் சார்பா வாக்குக் குடுக்கிறியா?"

"குடுத்தேன்."

"சரி. பெரில் கிட்ட பச்சை வண்ணம் வாங்கி வைக்கச் சொல்றேன்."

மெர்வின் முள்கரண்டி அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏணியிலிருந்து ஃப்ரெட் விழுந்தப்ப யாரு காலுக்குக் கட்டுப் போட்டது? சாம்பலைக் கொட்டினப்ப எரிஞ்சது யாரு வீட்டுத் தொட்டி? முப்பது வருஷமா ஃப்ரெட் நர்க் துணியைத் துவைக்கிறவ நான், மெர்வ்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போட்டிக்கு என்ன பண்ணுவே?" என்றார். அந்தக் கேள்வியை மட்டும் நிஜமான வருத்தத்தோடு கேட்டார் என்று கிளெனிஸே சொன்னதாக டல்சி சொன்னாள்.

"போட்டிக் கேக் டல்சி வீட்டுல மூணு வாரமா பத்திரமா இருக்கு. நீ தின்னது ஒத்திகைக் கேக்."

"அப்போ அந்தச் சீட்டு?"

"நான்தான் எழுதினேன். மூடிக்கு மேல ஒட்டினா தொட மாட்டே. உள்ளே ஒட்டினா தின்னு முடிச்ச பிறகுதான் படிப்பே."

மெர்வ் எழுந்து நின்றே விட்டார். "இது அநியாயம். போட்டிக் கேக்கே இல்லன்னா குத்தமும் இல்ல. அதோட வாக்குக் குடுத்தது நான் இல்ல, ஃப்ரெட்."

கிளெனிஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டே யோசித்தாள். பிறகு சமாதானமாகச் சொன்னாள்.

"நீ சொல்றதும் சரிதான். மீன் பிடிக்க ஃப்ரெட் போகட்டும். நீ என்கூட ஆல்பரிக்கு வா."

கிளெனிஸுக்கு அந்தச் சனிக்கிழமையும் இரண்டாம் பரிசுதான். பெரில் வீட்டு வராந்தா மட்டும் முதல் தரம், இரண்டு பூச்சு. ஜெபத்தில் இவர்கள் இருவரையும் நினைக்கும்போது எனக்கு ஃப்ரெட்டின் பேரும் வாயில் வந்துவிடுகிறது.

நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து மெர்வைப் பார்த்தால், அந்த வருஷம் ஃப்ரெட் எத்தனை மீன் பிடித்தான் என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.