மகாராஜநகர் சொன்ன நற்சாட்சி

"தம்பி, ஒங்களப் பத்தி ஒரு ஆளு விசாரிச்சிட்டுப் போறாரு" என்றார் இஸ்திரி வண்டிப் பலவேசம்.

வாயில் பிரஷ்ஷோடு கேட்டுக்கு வந்த சிவகணேஷ் அப்படியே நின்றுவிட்டான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கா ஒருத்தன் பல் தேய்ப்பான் என்று நீங்கள் கேட்கலாம். தேய்ப்பான். டல்லாஸில் இருக்கிற கம்பெனிக்குப் பாளையங்கோட்டை மகாராஜநகரில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, காக்கா கத்தும்போது படுக்கிறவன் வேறு எப்போதுதான் தேய்ப்பான்?

"என்ன ஆளு அண்ணாச்சி?"

"முடிய ஒட்ட வெட்டி, பிரவுன் சூ போட்டு, புல்லட்ல வந்தாரு. நிக்க நிப்பப் பாத்தாலே போலீசுன்னு தெரியுது."

"என்ன கேட்டாரு?"

"எங்க போவாரு வருவாரு, யார் கூடப் பழக்கம், யார்ட்ட போன்ல பேசுவாருன்னு கேட்டாரு."

பற்பசை நுரையை சிவகணேஷ் விழுங்கியே விட்டான். வந்துவிட்டார்கள். கடைசியில் வந்தே விட்டார்கள்.

விசாவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று ரெண்டு வார லீவில் வந்த பிள்ளை அவன். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் ரெண்டே கேள்வி கேட்டாள், அழகாகச் சிரித்தாள், "உங்களுக்குக் கூடுதலாகப் பாதுகாப்புச் சரிபார்ப்பு இருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பி வைத்துவிட்டாள். எப்போது சொல்லி அனுப்புவார்கள் என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் முன்னால் வந்தவன். சாரலும் முடிந்து, இப்போது ஐப்பசி மழையும் இறங்கிவிட்டது. தினமும் எழுந்ததும் வெப்சைட்டைத் திறந்து பார்ப்பான். நேற்று என்ன சொன்னதோ அதையே இன்றைக்கும் சொல்லும்.

டல்லாஸில் மனைவி ப்ரியாவும் ஆறு வயசு மகள் நித்யாவும் தனியாகக் கிடந்தார்கள். கிளம்பி வரவும் முடியாது. ப்ரியாவின் விசா இவன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டிருப்பது. அவள் ஒரு தடவை வெளியே வந்துவிட்டால், திரும்பிப் போக அவளும் அதே கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். கம்பெனியோ, "அடுத்த மாதக் கடைசிக்குள் வந்து சேர், இல்லாவிட்டால் உன் இடத்தில் வேறு ஆள்" என்று நயமாகச் சொல்லிவிட்டது. வேலை போனால் விசா போகும். விசா போனால் அங்கே கட்டி எழுப்பின குடித்தனம் மொத்தமும் போகும். பாவம், அவன் பயப்பட்டதில் தப்பே இல்லை.

"அண்ணாச்சி, நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். பகல் பூரா தூக்கம். ராத்திரி பூரா லைட்டு எரியும். கதவச் சாத்திக்கிட்டு இங்கிலீசுல குசுகுசுன்னு பேச்சுன்னேன்."

"ஐயோ!"

"ஏன் தம்பி, பொய்யா?"

பொய் இல்லை, அதுதான் வம்பு. பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு வந்த அதிகாரியிடம் இதைவிட மோசமாக ஒருத்தனைப் பற்றிச் சொல்லிவிட முடியாது.

"அண்ணாச்சி, அவரு திரும்ப வந்தா, தம்பி ஒம்பது மணிக்கே வெளக்க அணைச்சுட்டுப் படுத்துருவான்னு சொல்லுங்க. வெளிநாட்டுக்குப் போன் பேச்சே கெடையாது. யார் கூடயும் ஒட்டு ஒறவு கெடையாது. சரியா?"

"அம்புட்டுதான? சொல்லிட்டாப் போச்சு" என்று பலவேசம் பெட்டியில் கரியை ஊதினார்.

வீட்டுக்குள் அம்மா பாலம்மாள் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்.

"அந்தப் பலவேசத்துட்ட விசா பேச்ச எடுத்தியால?"

"இல்லம்மா."

"எடுக்காத. எவன் கேட்டாலும் லீவுல வந்திருக்கேன்னு சொல்லு."

அது அந்தக் குடும்பத்தின் பழக்கம். எது சிக்கினாலும் வெளியே சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 'சும்மா ஒரு அசதி' என்பார்கள். பரீட்சையில் தவறினால் 'இந்த வருசம் எழுதல' என்பார்கள். அப்படியே பாலம்மாளும், "எம்மவன் லீவுல வந்திருக்கான், அவனுக்கு ஊரு புடிச்சுப் போச்சு" என்று தெருவுக்கும், பால்காரருக்கும், சம்பந்தி வீட்டுக்கும், கல்யாண வீடுகளில் பார்த்த சொந்தக்காரர்களுக்கும் ஒரே மாதிரி சொல்லி வைத்திருந்தாள். அஞ்சு மாசமாக ஒரு கம்பெனி லீவு கொடுக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சமாளித்திருப்பாள், அது வேறு.

அன்றைக்குச் சாயங்காலமே எதிர்வீட்டு ஸ்வீட்லின் டீச்சர் கேட்டைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆண்டுவிழா நாடகம் போட்டு ஓய்வு பெற்றவள்.

"தம்பி, எங்கிட்டயும் ஒருத்தர் கேட்டாரு. அமெரிக்காவுக்கு எப்பத் திரும்புதாரு, போற ஆச இருக்கா இல்லியான்னு."

சிவகணேஷுக்கு மூளை மின்னியது. அவனைப் போல மாட்டிக்கொண்டவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் யோசனை சொல்வார்கள். அதில் ஒருவர் எழுதியிருந்தார்: 'போனால் திரும்ப மாட்டான் என்று சந்தேகம் வந்தால் தரவே மாட்டார்கள். போகத் துடிக்கிறோம் என்று காட்டவே கூடாது.'

"டீச்சர், எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். அவரு திரும்ப வந்தா, இவனுக்கு மனசு பூரா இங்கனதான் இருக்கு, அங்க ஒரு பிடிப்பும் இல்லன்னு சொல்லணும்."

"அம்மட்டுதானா? நல்லாச் செஞ்சிருவோம்" என்ற டீச்சரின் முகத்தில் பழைய களை வந்தது.

மறுநாள் புல்லட் வந்தது. சிவகணேஷ் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அமெரிக்காவா?" என்று டீச்சர் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "அந்தப் பேரச் சொன்னாலே அவனுக்கு மொகம் சுருங்கிரும் சார். உழவர் சந்தையில குத்த வச்சு அவன் கத்தரிக்காய் பொறுக்குதத நீங்க பாக்கணும். இங்கனயே ஒரு வீடுகூடப் பாக்குதானாம்."

வீடு பார்க்கிற சமாச்சாரம் டீச்சரே சேர்த்தது. நாடகக்காரி இல்லையா.

"வெளிநாட்டுக்குப் போனே பேச மாட்டாரு சார்" என்று பலவேசம் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "யார் கூடயும் ஒட்டு ஒறவு கெடையாது."

புல்லட்காரர் தலையை மெள்ள ஆட்டினார். முகம் வாடிப்போய் வண்டியை உதைத்தார். குற்றம் கண்டுபிடிக்க வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம் என்று சிவகணேஷ் குதூகலித்தான்.

அடுத்த பயம் போனில் வந்தது. ப்ரியாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம். மழைக்காலத்தில் நம்மூரில் போன் அப்படித்தான் பேசும். ஆனால் பயந்தவன் காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. ஒட்டுக் கேட்கிறார்கள்!

"ப்ரியா, இனிமே போன்ல விசா பேச்சே எடுக்காத."

"ஏன்? என்னாச்சு?"

"காரணம் இருக்கு. நேர்ல சொல்லுதேன்."

"நேர்லன்னா எப்ப?"

"அதையும் கேக்காத."

"சரி" என்று ஒரே வார்த்தையோடு அவள் போனை வைத்துவிட்டாள். எவ்வளவு புரிந்து நடந்துகொள்கிறாள் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்ல பெண்டாட்டி அமைவதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அம்மாவிடமும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை புல்லட் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

"எம்பேரு வன்னியராஜ். அம்மாவப் பாத்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

பெயரைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. ரகசிய வேலையில் இருக்கிறவர் எப்படிச் சொல்வார்? யார் எவர் என்று கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடுமே என்று சிவகணேஷும் கேட்கவில்லை. பாலம்மாள் தட்டில் முந்திரிக்கொத்தும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

வன்னியராஜ் ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்தபடி, "தம்பிக்கு விசாவுல ஏதோ பிரச்சினைன்னு கேள்விப்பட்டேனே?" என்றார்.

"ஆரு சொன்னா?" பாலம்மாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எம்மவன் விசாவுக்கு ஒரு கொறையும் இல்ல. நாளைக்கே போன்னாலும் போலாம். அவன்தான் லீவப் போட்டுட்டுப் போவ மாட்டேங்கான்."

பக்கத்தில் நின்ற சிவகணேஷுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. இத்தனை மாசமாகச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்குப் பொய் அத்தனை அழகாகப் பழுத்திருந்தது.

வன்னியராஜ் காப்பியைக் கீழே வைத்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. ஒளிக்காமச் சொல்லணும். திரும்பிப் போற உத்தேசம் இருக்கா இல்லையா?"

இந்தக் கேள்விக்குத்தானே இத்தனை நாள் ஒத்திகை! சிவகணேஷ் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொண்டான்.

"என்ன சார் அவசரம்? போனாலும் ஒண்ணுதான், போவாட்டாலும் ஒண்ணுதான். எனக்கு அங்க அப்படி என்ன இருக்கு?"

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது பொறுக்கவில்லை. அங்கேதான் எல்லாமே இருந்தது. நித்யா அங்கே இருந்தாள். போன வாரம் அவளுக்கு முதல் பல் ஆடுகிறது என்று ப்ரியா சொன்னபோது, இவன் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தான். ஆனால் அதையெல்லாம் அதிகாரியிடம் காட்டலாமா? முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டான்.

வன்னியராஜ் மிச்ச முந்திரிக்கொத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"சரி தம்பி. நான் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிருதேன்."

"நல்லபடியாச் சொல்லுங்க சார்."

"கேட்டத அப்படியே சொல்லுதேன். அதான் என் சோலி."

பிறகு புல்லட் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. சிவகணேஷ் தினமும் வெப்சைட்டைத் திறந்தான், மூடினான். ப்ரியா போனில் அவசர அவசரமாகப் பேசினாள். பின்னால் சர் சர்ரென்று டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?"

"சும்மா. நித்யாவோட ஸ்கூல் புராஜெக்ட்."

பாவம், தனியாளாக எவ்வளவு வேலைதான் பார்ப்பாள் என்று அவன் உருகினான்.

கம்பெனி சொன்ன கெடு முடியச் சில நாளே இருக்கும்போது, ஒரு மத்தியானம், கண்ணைக் கசக்கிக்கொண்டு போனைத் திறந்தவன் போட்ட கூச்சலில் பாலம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"விசா வந்துட்டும்மா! பாஸ்போர்ட்டக் கொண்டாங்கான்! இந்த வாரமே கெளம்பிருவேன்!"

"எய்யா, எம் பெருமாளே!" என்று அவள் கரண்டியோடு கும்பிட்டாள். உடனே குரலைத் தாழ்த்தி, "கத்தாதல, தெருவுக்குக் கேக்கும். லீவு முடிஞ்சுதுன்னு சொல்லிக்கிடலாம்" என்றாள்.

ப்ரியாவுக்குப் போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பப் போட்டான். திரும்பவும் அப்படியே. தூங்குகிறாள்போல, எழுந்ததும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டான். கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினான். டிக்கெட் பார்த்தான். எல்லாம் அந்தப் பிரவுன் ஷூ புண்ணியவான் நல்லபடியாக எழுதியதால் வந்தது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் வீடு எங்கே என்று தெரிந்தால் போய்க் காலில் விழலாம்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

எட்டிப் பார்த்தான். காரின் பின்கதவு திறந்தது. "அப்பா!" என்று ஒரு குரல். நித்யா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். முன்பல் ஒன்றைக் காணோம். அவளுக்குப் பின்னால் ப்ரியா இறங்கினாள். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

சிவகணேஷ் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"ப்ரியா! நீ எப்படி...?"

"உள்ள வாங்க. பேசிக்கிடலாம்" என்றாள். கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

காரின் டிக்கியிலிருந்து ஒருவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ரெண்டு, நாலு, ஆறு என்று பெரிய பெரிய பெட்டிகள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். காலில் பிரவுன் ஷூ.

"சார்!" என்று சிவகணேஷ் குழந்தையோடு ஓடினான். "ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார்! ஆறு மாசமா செக்யூரிட்டி செக்குல மாட்டிக்கிட்டுத் தூக்கம் இல்லாமக் கெடந்தேன். நீங்க மேலிடத்துல நல்லபடியா எழுதப் போய், இன்னைக்கு விசா வந்துட்டு சார்! இந்த வாரமே போறேன்!"

வன்னியராஜின் கையிலிருந்த பெட்டி தொப்பென்று தரையில் விழுந்தது.

"என்ன தம்பி சொல்லுதீய? அப்ப நெசம்மாவே விசாதான் பிரச்சினையா? ரிட்டயர்டு ஏட்டு தம்பி நான், மாப்பிள்ளைக்கு என்னன்னு விசாரிச்சிட்டு வாரும்னு ஒங்க மாமனாரு அனுப்பித்தான் வந்தேன்... விசா அப்பழுக்கில்லாம இருக்கு, மாப்பிள்ளைக்குத்தான் ஊர விட்டு வர மனசு இல்லன்னு நான் சொன்னத நம்பி, ப்ரியா பாப்பா அங்கன வீட்டக் காலி பண்ணி, காரையும் வித்துட்டு வந்து நிக்குதே!"