மூவார் தாளத்தின் பிறப்பு பற்றி நீ எழுதியது

அன்பு அண்ணன் மகன் ருஸ்தாமுக்கு, மூவாரிலிருந்து உன் பாக் சூ எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் சித்தி மாக் சூவும் நலம். கோலாலம்பூரில் நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது நலமாக இரு.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘மூவார் மின்னல்கள்: ஒரு மறுமதிப்பீடு’ என்று முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். படித்தேன். உன் மாக் சூ என் கண்ணாடியைப் பிடுங்கி வைத்த பிறகும் படித்தேன். நாங்கள் ஐந்து பேரும் கிதாரோடு மேடையேறினால் ஜொகூர் முழுக்கக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்ட காலமடா அது. எங்கள் கால்சட்டை எவ்வளவு இறுக்கமென்றால், உட்கார நினைத்தால் ஒரு வாரம் முன்பே தையற்காரரிடம் சொல்லி வைக்கணும். அப்பேர்ப்பட்ட குழுவின் புகழ்பெற்ற ‘மூவார் தாளம்’, பின்னால் வந்த அத்தனை குழுவும் காப்பியடித்த தாளம், வெறும் தவறில் பிறந்தது என்கிறாய். 1967-ல் பத்து பகாட் கல்யாணத்தில் நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கையில் மாப்பிள்ளை ஊர்வலம் கொம்பாங் பறைகளை முழக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்ததாம், டிரம்ஸ் வாசித்த பக்ரி நிறுத்த மறந்து, ஒரு கையால் எங்களுக்கும் மறு கையால் மாப்பிள்ளைக்கும் அடித்தானாம், சாப்பிட வந்திருந்த வானொலிக்காரர் அதைப் புதுமை என்று நம்பி மறுநாளே இசைத்தட்டு போடக் கூப்பிட்டாராம். கொம்பாங் சத்தம் கேட்டால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் முறை. அது தெரியாமலா நாங்கள் முந்நூறு கல்யாணம் வாசித்தோம்?

சரி, எழுதினாய். விளைவைக் கேள். வரும் சனிக்கிழமை ஆற்றங்கரைத் திடல் விழாவில் எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஐவரில் மிஞ்சியது மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் இரண்டு. ஐம்பது வருடத்துக்கு அப்புறம் கிடைத்த மேடை. திங்கட்கிழமை விழாக்குழுத் தலைவர் ஹாஜி சர்பினி காப்பிக்கடையில் வந்து உட்கார்ந்து, உன் கட்டுரையை மேசைமேல் விரித்தார்.

“கோவிச்சுக்காதீங்க பாக் சூ. தாளத்தைக் கண்டுபிடிச்ச கலைஞர்கள்னு பலகையெல்லாம் எழுதிட்டோம். இப்ப என்ன பண்றது?”

“அழிச்சிட்டு, தாளத்தைத் தவறவிட்டவங்கன்னு எழுதுங்க.”

“அதில்லீங்க. உங்க இருபது நிமிஷத்தை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு.”

“யாருக்கு?”

அவர் காப்பியை ரொம்ப நேரம் கலக்கினார். “பாரிட் ஜாவா கொம்பாங் குழுவுக்கு.”

அன்றிலிருந்து பக்ரி கடைப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டிரம்ஸ் மேல் ஈரத்துணி காயப்போட்டிருக்கிறான்.

“பேரப்பசங்ககிட்ட இத்தனை வருஷமா நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமாடா உனக்கு?” என்றான்.

“தெரியாம என்ன, எனக்கே வாரத்துல நாலு தடவ சொல்லுவியே.”

சிரிக்கவில்லை, ருஸ்தாம். பல் பிடுங்கும்போதுகூடச் சிரித்தவன் அவன்.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வெளியிடு. பக்ரி ஏழு நாள் நோன்பிருந்து, ஆற்று முதலைகள் கரையேறித் தலையாட்ட, அந்தத் தாளத்தைத் தானே கண்டடைந்தான் என்று எழுது. இடம் போதாவிட்டால் முதலைகளைக் குறைத்துக்கொள், பக்ரியைக் குறைக்காதே.

தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதத்தை முடிப்பது நம் வழக்கம். இந்த முறை நான் கேட்பதாயில்லை, நீயே கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த மையையும் தரட்டும். உன் அம்மாவுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
உன் பாக் சூ
(மூவார் மின்னல்கள், இரண்டாம் கிதார்)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஹாஜி சர்பினி ஓடி வந்தார். உன் கட்டுரையைப் படித்தவர்களுக்கு அந்தத் தவறை நேரிலேயே பார்க்கணுமாம். ஜொகூர் பாருவிலிருந்து மட்டும் மூன்று பேருந்து வருகிறது. நாங்களும் கொம்பாங் குழுவும் ஒரே மேடையில், நாற்பது நிமிடம். பக்ரி இப்போதே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டான். எனவே மறுப்பு கிறுப்பு எதுவும் வேண்டாம், ஓர் எழுத்தையும் மாற்றாதே. ஒன்று மட்டும்: இதையெல்லாம் யார் சொன்னது என்று அவன் உனக்குப் போன் போட்டுக் கேட்பான். போன பெருநாளுக்கு உன் வீட்டில் ரெண்டாங் கறி தின்றுகொண்டே நான்தான் சொன்னேன் என்று உளறிவிடாதே. சனிக்கிழமைக்குள் வேறு டிரம்ஸ்காரனுக்கு நான் எங்கே போவேன்?