ஒரே ஒரு விருந்தாளிக்கு ஒரு கோழி

"ஐயோ பாவெல்! உயிரோட இருக்கியா, போய்ச் சேந்துட்டியா?"

எதிர்வீட்டு கென்கா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு சமையலறைவரை வந்துவிட்டாள். பாவெல் கோழிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். திடுக்கிட்டதில் கோழி கையை விட்டு நழுவிப் பாத்திரத் தொட்டிக்குள் விழுந்தது.

"எனக்கென்ன அக்கா? நல்லாத்தான் இருக்கேன்."

"கதவு திறந்து கிடக்கே தம்பி! இத்தனை வருஷத்துல உன் வீட்டுக் கதவு திறந்து நான் பாத்ததே இல்ல. திருடனோ, நெஞ்சுவலியோன்னு ஓடி வந்தேன்."

"நெஞ்சுவலிக்குத் துடைப்பம் எதுக்கு அக்கா?"

கென்கா எட்டிப் பார்த்தாள். அவள் கண் கோழிமேல் இருந்தது. பக்கத்தில் கிரீம் கிண்ணம், உரித்த பூண்டு, நறுக்கிய காளான். "அடேயப்பா, பெயர்நாள் கொண்டாடறியா!" என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்று பேதுரு பவுல் திருநாள். ருசே நகரத்தில் அந்தப் புனிதர்களின் பெயரைக் கொண்ட பேத்கோ, பாவெல் அத்தனை பேருக்கும் பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வர நினைத்தவர்கள் வருவார்கள். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பினால் ஊர் சிரிக்கும்.

பாவெல் ஊர் சிரிக்க இடம் கொடுத்ததே இல்லை. வருஷா வருஷம் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி இருந்துவிடுவான். தொழில் பூட்டு வேலை. சொந்தக் கதவில் மூன்று பூட்டு. அவன் மனைவி ஜோர்னிட்சா அந்த இருட்டிலேயே கிரீம் ஊற்றிக் கோழி வேகவைப்பாள். வெளியே மணி அடித்துக்கொண்டிருக்க, உள்ளே இரண்டு பேரும் கரண்டிச் சத்தம் கேட்காமல் சாப்பிடுவார்கள்.

போன வருஷம் மணி அடித்தது ஜோர்னிட்சாவின் சொந்த அத்தை. அந்தக் கிழவி பூங்கொத்தோடு மாடிப்படி இறங்கிப் போன சத்தத்தை ஜோர்னிட்சா உள்ளே உட்கார்ந்து கேட்டாள். மறுவாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள். "இந்த வீட்ல பூட்டுதான் குடித்தனம் பண்ணுது. எனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டாள். இப்போது ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். பாவெல் போன் செய்தால் எடுப்பதில்லை.

அவள் இல்லாத வீட்டில் பாவெலுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை. குளியலறையில் அவள் தப்பும் தவறுமாகப் பாடுவாளே, அதைக் கேட்க வேண்டும்போல ஏங்கிப்போனான். எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பெயர்நாளைப் பிடித்தான். கூப்பிடாமலே வரக்கூடிய நாள். அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. மணி அடிக்க அவளுக்குக் கூச்சமாக இருக்குமென்று கதவையும் திறந்தே வைத்தான்.

கணக்கெல்லாம் சரிதான். திறந்த கதவு ஊருக்கே தெரியும் என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

"ஒரு கோழிதான் அக்கா இருக்கு" என்றான் மெல்ல.

"நான் என்ன மாடா? ஒரு துண்டு போதும். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு. ஏங்க! இங்க வாங்க! பாவெல் விருந்து போடறான்!"

அவள் குரல் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. பாவெல் கோழியைக் கழுவித் துண்டு போட்டான். ஒரு தொடையை மட்டும் சின்னப் பாத்திரத்தில் தனியாக வைத்து, கிரீம் நிறைய ஊற்றினான். அது ஜோர்னிட்சாவுக்கு. இரண்டும் ஓவனுக்குள் போயின.

அரை மணி கழித்துக் கடையில் கூட வேலை செய்யும் ருமென் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாசலில் நின்றான்.

"அண்ணே, பூட்டு ஏதாவது உடைஞ்சு போச்சா? கதவு மூடலியே!"

"வா, உக்காரு" என்றான் பாவெல். வேறென்ன சொல்வது?

கோழி போதாது. உருளைக்கிழங்கை நறுக்கி உள்ளே தள்ளினான். உருளைக்கிழங்கு குழம்பைக் குடித்துவிட்டது. பால் ஊற்றினான். தண்ணீராய்ப் போனது. கென்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, கோழி நீச்சல் அடிக்குது? மாவு போடு!"

போட்டான். சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி ஆயிற்று.

"கொஞ்சம் தயிர் விட்டா இளகும் அண்ணே" என்றாள் ருமென் மனைவி.

விட்டான். திரிந்துவிட்டது.

"பச்சப்புள்ளகூட செய்யுற சமையலை இந்தப் பாடு படுத்துறியே!" என்று கென்கா தலையில் அடித்துக்கொண்டு, திரிந்தது வெளியே தெரியாதபடி மேலே சீஸைத் துருவிக் கொட்டினாள்.

அப்போதுதான் மேல்மாடி பேத்கோ வந்தான். அவனுக்கும் பெயர்நாள்.

"யோவ் பாவெல், என் கோழி கரிக்கட்டையாப் போச்சுய்யா. பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தானே? சேந்தே கொண்டாடிடலாம்."

"நீ மட்டுமா வந்திருக்கே?"

"நான் மட்டும் எப்படி வருவேன்? விருந்தாளிங்களை நடுத்தெருவுலயா விடறது?"

பின்னாலேயே ஒரு கும்பல் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. பாவெல் ஓடிப்போய் ஓவனிலிருந்து சின்னப் பாத்திரத்தை எடுத்து, அலமாரிக்குள் வைத்து, இரட்டைப் பூட்டுப் போட்டான். உலகத்திலேயே பூட்டு போட்ட முதல் கோழித்தொடை அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு நடந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. அந்தப் பசையும் தயிரும் சீஸும் கலந்த சங்கதியை ஜனங்கள் ரொட்டியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். "பிரமாதம், என்ன போட்டே?" என்று கேட்டார்கள். பிளம்பழச் சாராயம் சுற்றி வந்தது. ருமென் பிள்ளைகள் கட்டிலில் குதித்தன. கென்காவும் வீட்டுக்காரரும் பாடினார்கள்.

பாவெல் எல்லாருக்கும் பரிமாறினான், சிரித்தான், வாசலைப் பார்த்தான். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரண்டியோடு திரும்பினான். வந்தது ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ. எழுந்து போய்க் கதவைச் சாத்தலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சாத்தினால் அவள் வருகிற வழியும் அடைபடுமே என்று விட்டுவிட்டான்.

கும்பலில் பச்சைச் சட்டை போட்ட ஒரு அம்மாள் இருந்தாள். பேத்கோவின் உறவு என்று பாவெல் நினைத்தான். பாவெலின் உறவு என்று பேத்கோ நினைத்தான். அவள் வந்ததிலிருந்து உட்காராமல் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இருட்டத் தொடங்கியதும் எல்லாரும் வாழ்த்திவிட்டுக் கிளம்பினார்கள். "அடுத்த வருஷமும் இதே மாதிரி, என்ன?" என்று பேத்கோ கட்டிப்பிடித்துக்கொண்டான். கென்கா துடைப்பத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஜோர்னிட்சா வரவில்லை.

பச்சைச் சட்டைக்காரி காலித் தட்டை ரொட்டித் துண்டால் வழித்துக்கொண்டிருந்தாள். பாவெல் பதறிப்போனான்.

"நீங்க சாப்பிடவே இல்லியா?"

"பரவால்ல. வாசனையிலேயே வயிறு நிறைஞ்சுபோச்சு."

பாவெல் அலமாரியைப் பார்த்தான். சட்டைப்பையில் சாவி கனத்தது. அவள் இப்போதுகூட வரலாம். கடைசி பஸ் இன்னும் இருக்கிறது. பசியோடு வந்தால்? ஆனால் இந்த இடத்தில் ஜோர்னிட்சா நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நினைத்ததும் கை தானாகச் சாவியை எடுத்துவிட்டது. இரண்டு பூட்டையும் திறந்தான். தொடையைச் சூடு பண்ணி அந்த அம்மாளுக்கு முன்னால் வைத்தான்.

"யாருக்காவது எடுத்து வச்சதா?"

"என் வீட்டுக்காரிக்கு. வருவான்னு நினைச்சேன்."

"இன்னும் வந்தா?"

"வந்தா முட்டை பொரிச்சுத் தருவேன்." அவன் சாவியை மேசைமேல் வைத்தான். "வந்தாப் போதும்ங்க. அவ இல்லாம முடியல."

அந்த அம்மாள் தட்டை அருகில் இழுத்தாள். எலும்பைக்கூட விடாமல் நிதானமாகச் சாப்பிட்டாள்.

"நீங்க பேத்கோவுக்கு என்ன வேணும்?"

"எந்தப் பேத்கோ?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏண்டி ஜோர்னிட்சா, என் வீட்டு வாடகை அறையில உக்காந்து அழுதது போதும். விளக்கை அணைச்சுட்டு ஒளிஞ்சிருப்பான், போய்ப் பாருன்னு என்னை அனுப்பினியே. கதவு காலையிலேர்ந்து திறந்து கிடக்கு, தெருவே சாப்பிட்டுட்டுப் போயிருக்கு. இப்ப நீ வரியா, இல்ல நான் இங்கயே இருந்துடட்டுமா?"