ருசி பார்த்த கிரீஸ்

கடலைப் பற்றி நடுநிலை தவறாமல் முடிவெடுக்க வேண்டுமானால், கடல் கண்ணில் படாத இடத்தில் உட்கார வேண்டும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்த பெருமை கரையோர இயந்திரப் பராமரிப்புச் சபைக்கே உரியது. அதன் இயந்திரங்கள் எல்லாம் கடற்கரையில் உப்புக்காற்றில் நிற்கின்றன. தலைமையகம் மட்டும் கண்டியில் இருக்கிறது. முன்பு அதுவும் கடலோரத்தில்தான் இருந்ததாம். அலுவலக அலுமாரிகள் துருப்பிடிக்கத் தொடங்கியதும் சபை துணிந்து செயலில் இறங்கி அலுமாரிகளைக் காப்பாற்றிவிட்டது. இயந்திரங்கள் அங்கேயே நின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியுமா?

சுகிர்தா இந்தச் சபையில் 'பயிலுநர் தொழில்நுட்ப உத்தியோகத்தர்'. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். இரசாயனம் படித்தவள். வாயை அடக்கப் படிக்கவில்லை. அந்தப் பாடம் அங்கே இருக்கவில்லை. 'நிபுணர்' என்ற இடத்தில் ஒரு பட்டதாரி கையெழுத்துப் போடாமல் சபையிலிருந்து ஒரு டின் கூட வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவளை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். மற்றபடி அவள் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று முதல் நாளே அன்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரத்து விவகாரம் கிரீஸ். கிழக்குக் கரையின் இறங்குதுறை ஒன்றில், மீன்பிடிப் படகுகளைக் கம்பிக் கயிற்றால் இழுத்துக் கரையேற்றப் புது மெசின் ஒன்று பூட்டியிருந்தார்கள். அதன் பற்சக்கரங்களுக்கு எந்தக் கிரீஸ் பூசுவது? மெசினை ஓட்டும் நிரஞ்சன் போனில் சுகிர்தாவிடம் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, பழைய மெசினுக்கு நீங்கள் அனுப்பின கிரீஸ் ரெண்டு கிழமையில கழுவுண்டு போச்சுது. சக்கரம் பின்னுக்குச் சுத்தாமப் பிடிக்கிற கொக்கி துருவில இறுகிட்டுது. படகு திரும்பி வழுக்கி வந்துது. பின்னால தோள் குடுத்துத் தள்ளிக்கொண்டு நிண்ட பெடியள் பாஞ்சு தப்பினவங்கள். எல்லா நாளும் பாயேலாது பாருங்கோ."

"இந்தத் தடவ அப்படி நடக்காதுண்ணே," என்றாள் சுகிர்தா. சபை கிரீஸ் தெரிவு செய்யும் முறை அவளுக்கு அப்போது தெரியாது.

சபைத் தலைவர் ராஜலிங்கம், வாழ்நாளெல்லாம் தேயிலைக்கு ருசி பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு துறையில் நாக்கைப் பண்படுத்தியவருக்கு மற்றத் துறைகள் தாமாகவே வசப்படும் என்பது சபையின் அசையாத நம்பிக்கை. சென்ற வருடம் பெயின்ட் தெரிவு செய்தவரும் அவரே.

நீள மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கிரீஸ். தலைவரின் காலடியில், துப்புவதற்குப் பித்தளைப் பாத்திரம். செயலாளர் கலாராணி ஜன்னல் திரையை விலக்கினார். தேயிலைக்குப் போலவே கிரீஸுக்கும் வடக்கு வெளிச்சம் விழ வேண்டுமாம். ராஜலிங்கம் குனிந்தார், முகர்ந்தார், விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார், காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்சினார், துப்பினார்.

"இது மட்டம். மழ நாள்ல பறிச்ச மாதிரி இருக்கு."

கலாராணி எழுதிக்கொண்டார்.

கறுத்த கிரீஸுக்கு முகத்தைச் சுளித்தார். "இது புகை புடிச்சிருச்சு. அடுப்புல நின்னவனுக்குக் கவனமில்ல."

பொன்னிறக் கோப்பைக்கு வந்ததும் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. "இதுதான். இது உசரத்துல விளைஞ்சது."

"எது சேர் விளைஞ்சது?" என்றாள் சுகிர்தா. "கிரீஸா?"

"உசரத்துச் சரக்குக்குத்தான் இந்த நிறம் வரும் புள்ள."

"சேர், அது சோடியம் சோப்புல செஞ்சது. தண்ணி பட்டா கரைஞ்சிரும். நீங்க புகைங்கிறீங்களே, அது கல்சியம் கிரீஸ். அதத்தான் கடலுக்குன்னே செஞ்சிருக்காங்க."

"நீங்க சொல்றது படிப்பு," என்றார் ராஜலிங்கம் கருணையோடு. "இது நாக்கு."

சுகிர்தா களஞ்சியப் பொறுப்பாளர் பாரூக்கிடம் போய் இரண்டு இரும்பு போல்ட்டும் இரண்டு கண்ணாடிக் கிளாசும் கேட்டாள். "கொஞ்சம் கடல் தண்ணியும் வேணும் நானா."

"கண்டியில வந்து கடல் தண்ணி கேட்ட மொத ஆள் நீங்கதான் தங்கச்சி. கன்டீன்ல உப்பு கரைச்சித் தாறன், பாவிச்சிப் பாருங்க."

ஒரு போல்ட்டில் கறுத்த கிரீஸ், மற்றதில் பொன்னிறம். உப்புத் தண்ணீரில் போட்டு, கூட்டத்தின் முன்னால் நன்றாகக் கலக்கினாள். கறுத்தது இரும்பை விட்டு அசையவில்லை. பொன்னிறம் கரைந்து தண்ணீர் வெள்ளையாகிவிட, போல்ட் வெறும் உடம்போடு அடியில் கிடந்தது.

ராஜலிங்கம் அந்தக் கிளாசை வெளிச்சத்துக்கு உயர்த்தினார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? நல்ல தேத்தண்ணிக்குப் பால் ஊத்தினா என்ன நிறம் வரணுமோ, அதே நிறம். இதுக்குப் பாலே தேவப்படல்ல."

கூட்டம் கைதட்டியது. பொன்னிறம் ஏகமனதாகத் தெரிவாயிற்று. இனிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போட்டுருங்க சுகிர்தா," என்றார் கலாராணி. "அடுத்த மாசம் உங்க நிரந்தர நியமனம் வருதுதானே. போடாட்டி வராது."

அலுவலக மொழியில் இதற்கு 'ஊக்குவிப்பு' என்று பெயர். நிரந்தர வேலை கிடைக்கப்போகிறது என்று லயம் முழுவதும் அம்மா ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சுகிர்தா பேனாவை எடுத்தாள். படகுக்குப் பின்னால் தோள் கொடுத்து நிற்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

"போடுறேன் சேர். ஆனா இவ்வளவு பெரிய தெரிவுக்கு ஒரு மரியாத வேணாமா? திறப்பு விழாவுல மொதப் படகுல கமிட்டி முழுக்க மாலையோட உக்காருங்க. இந்தக் கிரீஸப் பூசி, மெசின் உங்கள இழுத்துக் கரையேத்தட்டும்."

சபை நெகிழ்ந்துபோனது. யாருக்கு எந்தப் பக்கத்தில் இருக்கை என்று பேச்சு எழுந்தது. மாலை சாமந்தியா ரோஜாவா என்பதில் கருத்து வேறுபாடு தோன்றியது. அந்த நேரம் பார்த்து, கிளாசுகளைப் பொறுக்க வந்த பாரூக் கேட்டார்.

"சேர், பாதியில மெசின் வழுக்கினா படகு பின்னுக்குப் போகுமே. அந்த எடத்துல தண்ணி ஆழமோ?"

 ராஜலிங்கம் கிளாசின் அடியில் கிடந்த போல்ட்டைப் பார்த்தார். முதல் தடவையாக அதைப் போல்ட்டாகவே பார்த்தார்.

"புள்ள," என்றார் மெதுவாக, "விழா நாளுக்கு மட்டும் அந்தப் புகை புடிச்சதையே பூசிரலாமே. நாங்க எறங்கினதும் தொடைச்சிட்டு நம்ம கிரீஸப் போட்டுக்கலாம்."

இந்தத் திருத்தமும் ஏகமனதாக நிறைவேறியது. அந்தச் சபை அறிவியலுக்கு இவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் வந்ததில்லை.

சுகிர்தா பேனாவை மூடினாள். "மத்த நாள்ல சேர்?"

"மத்த நாள்ல என்ன? அங்க ஆக்கள் இருக்காங்கதானே."

சுகிர்தா குனிந்து, தலைவரின் காலடியிலிருந்த பித்தளைப் பாத்திரத்தை எடுத்தாள். படிவத்தில் தன் கையெழுத்துக்காக விட்டிருந்த வெற்றிடத்தின் மேல் அதை வைத்தாள்.

"இருக்காங்க சேர். ருசி பாக்கிற நீங்க விழுங்கிறதில்ல, துப்பிருவீங்க. விழுங்கிறது அவங்க."