ஓரடி நைனாவின் கடல் வீடு

கடலுக்கு அடியில் சுவர்த் தகராறு வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் இராயபுரத்து ஓரடி நைனா. வேறு யாராவது இருந்ததாகத் தெரிந்தால் எழுதிப் போடுங்கள், நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இராயபுரம் கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருந்தது. கடையில் நான் சரக்கு நிறுத்துக் கொடுத்த லட்சணத்தைப் பார்த்து வெறுத்துப்போன அப்பா, யார் யாரையோ பிடித்து என்னை நில ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். எந்த மனை யாருடையது, அதற்கு நான்கு பக்கமும் எல்லை எது, பட்டா யார் பேரில் என்று விசாரித்து எழுதி வைக்கிற ஆபீஸ். முதல் நாள் நான் நாற்காலியில் உட்காருவதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

"இன்னா நைனா, புச்சா வந்துகிறியா? குந்து, குந்து. என் பைலை எடு."

ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய மனிதர். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அப்படியே நிலைத்துவிட்டது. அவர் ரகசியம் பேசினால் காசிமேட்டில் பதில் சொல்வார்கள். யாராக இருந்தாலும் நைனாதான். கலெக்டர் வந்தாலும் நைனா, காக்கையை விரட்டினாலும் "போ நைனா". அதனால் அவரும் நைனா ஆனார். 'ஓரடி' எப்படிச் சேர்ந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

"உங்க மனை எங்கே இருக்கு?" என்று கேட்டேன். தோளைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். தூரத்தில் கடல் தெரிந்தது.

"தோ, அந்த அலை மடங்குது பாரு, அதான் வாசப்படி. அதுக்கு அப்பால ஒரு படகு நிக்கிது பாரு, அது சமையக்கட்டு. எவன் வூட்டு சமையக்கட்டுல எவன் படகு வுடறது? எழுது நைனா, ஒரு மனு."

எனக்குத் தலை சுற்றியது. ஹெட் கிளார்க் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே விளக்கம் சொன்னார். ஹார்பரைக் கட்டிய நாளிலிருந்து அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. ஒரு மழைக்காலத்தில் நைனா வீடு இருந்த வரிசையே உள்ளே போய்விட்டது. ஆள் சேதம் இல்லை, புண்ணியம். வீடு இழந்தவர்களுக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் மாற்று மனை கொடுக்கச் சர்க்கார் சம்மதித்திருந்தது. அங்கே வீடு இருந்ததற்கு ஆபீசில் ரிக்கார்டு வேண்டும், அவ்வளவுதான்.

நைனாவுக்குப் பத்திரம் பக்காவாக இருந்தது. எப்போதோ மனை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போனாரா? மாட்டாரே! படகு நங்கூரம் போட்டதற்கு ஒரு மனு. தன் கூடத்தில் வலை வீசினார்கள், அதில் விழுந்த வஞ்சிரத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒரு மனு. இவையெல்லாம் சில்லறை. பெரிய மனு ஒன்று இருந்தது. வடக்கு வீட்டுப் பிலோமினா என்பவர் தன் சுவரை நைனாவின் மனைக்குள் ஓரடி தள்ளிக் கட்டிவிட்டார், சர்க்கார் வந்து அளந்து கல் நட வேண்டும் என்பது அந்த மனு. வீடு இருந்த காலத்தில் ஆரம்பித்த சண்டை. வீடும் போய்ச் சுவரும் போன பிறகும் மனு மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தது. ஓரடி நைனா என்ற பேர் இப்படி வந்ததுதான்.

பிலோமினாக்காவை எனக்குத் தெரியும். எங்கள் கடைக்குப் பக்கத்தில் கருவாடு விற்பார். புருஷன் இல்லை, மீன் மார்க்கெட்டுச் சுவரோரம் தகரம் சாய்த்து அதன் கீழே இருந்தார். மழை வந்தால் கருவாட்டுக் கூடையைத் தகரத்துக்குள் வைத்துவிட்டு அவர் வெளியே நிற்பார். இரண்டுக்கும் உள்ளே இடம் போதாது. அவருக்கும் மாற்று மனை வேண்டும். ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்பன் காலத்து வீடு, வாய்ப் பேச்சில் கைமாறியது. அவர் பேரில் எங்கள் ஆபீஸ் எழுதி வைத்த ஒரு வரி கூட இல்லை. மனு கொடுப்பார், "ரிக்கார்டு இல்லை" என்று ஹெட் கிளார்க் திருப்பிக் கொடுப்பார், அக்கா அவருடைய பரம்பரையை விசாரித்துவிட்டுப் போவார்.

இருவரும் ஒரே நாளில் ஆபீசுக்கு வந்துவிட்டால் எங்களுக்கு அன்றைக்கு வேலை நடக்காது.

"யோவ், உன் வூடு எங்க கீது, என் செவுரு எங்க கீது? ரெண்டும் மீன் வாய்ல கீது! அத்தப் போய் அளக்கச் சொல்றியே, உனக்கு மூளை கீதா?"

"தா பாரும்மே, மீன் வாய்ல இருந்தாலும் என் ஓரடி என்னுது!"

"எடுத்துக்கினு போய்யா! மூச்சப் பிடிச்சிக்கினு உள்ள முங்கு, உன் ஓரடி கெடைக்கும்!"

அந்த வருஷம் ஆபீசில் ஒரு உத்தரவு வந்தது. மாற்று மனைப் பட்டியலை மாசக் கடைசிக்குள் மூட வேண்டும். தகராறு மனு நிலுவையில் உள்ள யாருக்கும் மனை கிடையாது. நைனா அப்போது வண்ணாரப்பேட்டையில் மச்சான் வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்திருந்தார். யாராவது படியிறங்கினால் மூஞ்சியில் மண் விழும். அவருடைய சம்சாரம் வந்து என்னிடம் கண்ணைக் கசக்கினார். "நீயாச்சும் எட்த்து சொல்லு தம்பி, அந்த மனுவை வாபஸ் வாங்கினா நாளைக்கே மனை. இந்த மனுசன் கேக்கமாட்டேன்றாரே."

சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "நைனா, ஒரு கையெழுத்து. தகராறு தீர்ந்துதுன்னு எழுதுங்க. மனை உங்க கையில."

"அளக்காம எப்படி நைனா தீரும்? சர்க்கார் ஆளு வரட்டும், கண்ணால பாக்கட்டும், எழுதட்டும். அப்பால நானே வாபஸ் வாங்கறேன்."

"கண்ணால என்னத்தைப் பார்க்கிறது? தண்ணிதானே இருக்கு!"

"தண்ணியப் பாக்கட்டும்" என்றார். மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதுச் சர்வேயர் ஒருவர் மாற்றலாகி வந்தார். சட்டத்தில் கரடு. "மனு என்று வந்துவிட்டால் ஸ்தலத்தைப் பார்க்காமல் பைலை மூடக் கூடாது" என்று சொல்லி, பைலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், விசாரணைக்குத் தேதி போட்டு இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். ஸ்தலம் எங்கே என்று தெரிந்தபோது நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்க்கார் நோட்டீசை யாராவது திரும்ப வாங்குவார்களா? சர்வேயர் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவர் அதுவரை ஏரியில்கூட இறங்கியதில்லை.

பிலோமினாக்கா யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மேற்படி ஸ்தலத்துல ஆஜராவணும்னு போட்டுகீது. எங்க ஆஜராவறது, முங்கியா?"

கடைசியில் அக்காவின் தம்பி படகிலேயே போனோம். சர்வேயர், நான், அளவுச் சங்கிலி, நடுவதற்கு ஒரு எல்லைக் கல், இரண்டு முனையில் இரண்டு எதிரிகள். கரையில் கூட்டம் கூடிவிட்டது. சுண்டல்காரன் வந்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையை விட்டதும் நைனாவுக்கே வீடு எங்கே என்று தெரியவில்லை. "இங்கதான், இல்ல, அங்க" என்று நாலு பக்கமும் கையை நீட்டினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்ய, வாசப்படி தெரியாத மனுசன் செவுரு கேக்க வந்துட்டாரு! யோவ், எங்கப்பா கடல்ல எடம் பாக்கற மாதிரி பாருய்யா. மாதா கோயில் சிலுவை அந்தப் பனமரத்து மேல வரணும். வந்துச்சா? அந்தாண்ட பாரு, ஹார்பர் கொடிக்கம்பம் புகைபோக்கிய மறைக்கணும். ரெண்டும் ஒண்ணா வர்ற எடம்தான் என் வூட்டுத் திண்டு. நான் அங்க குந்திக்கினு தெனம் பாத்ததுதானே!"

படகு அசைந்து அசைந்து போய் நின்றது. சிலுவை பனைமரத்தின் மேல் உட்கார்ந்தது, கொடிக்கம்பம் புகைபோக்கியை மறைத்தது. நைனா சட்டென்று எழுந்து நின்றார். "அட, மெய்யாலுமே இதாம்மே! இங்க நின்னுதான் நீ என்னைத் திட்டுவ!" என்றார். கடல் வீட்டைக் கொண்டுபோனதற்கு அவர் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சர்வேயர் அதற்குள் மூன்று தடவை படகுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதும் பிலோமினாக்கா வீட்டுக்குள் போனது. "எழுதுய்யா, எழுது" என்று என்னிடம் கையசைத்தார். "வடக்கே பிலோமினா வீடு, தெற்கே மனுதாரர் வீடு, நடுவே சுவர். ஸ்தலத்தில் இரு தரப்பும் காட்டியபடி. போதும், கரைக்கு விடு!"

"கல்லு நடாம எப்படி போறது?" என்றார் நைனா.

சட்டம் சட்டம்தான். சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தள்ளினார். தொபுக்கென்று விழுந்தது.

"அடப்பாவி! ஓரடி தெக்கால போட்டுட்டியே!" என்று நைனா கத்தினார்.

"இன்னாது தெக்கால? வடக்கால வுழுந்துச்சு, என் கண்ணால பாத்தேன்!" என்றார் அக்கா. படகு கவிழாமல் வந்து சேர்ந்தது மாதா புண்ணியம்.

ஆபீசுக்குத் திரும்பினோம். ஸ்தல விசாரணை அறிக்கையில் சர்வேயர் கையெழுத்துப் போட்டார், நைனா போட்டார், அக்கா கைநாட்டு வைத்தார், சீல் விழுந்தது. மறு நிமிஷம் நைனா ஒரு காகிதத்தை நீட்டினார். தகராறு மனு வாபஸ்! ஹெட் கிளார்க்குக்குப் பொடி புரையேறிவிட்டது.

"என்ன நைனா, ஓரடி வேண்டாமா?" என்றேன்.

முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். அதாவது அடுத்த தெருவுக்குக் கேட்காத அளவுக்கு. "வடக்கே பிலோமினா வூடுன்னு சர்க்கார் ஆளு எழுதி சீல் வெச்சிட்டாரா இல்லியா? இனிமே எவன் ரிக்கார்டு இல்லேம்பான்? நான் முந்தியே வாபஸ் வாங்கியிருந்தா பைலை மூடிடுவீங்க. அத்தோட அவ வூடும் முங்கிடும். அந்தப் பொம்பள தகரத்துக்குக் கீழே கீது நைனா, மழையில நிக்கிது. நம்ம எதிரியாச்சே, நாமதானே பாக்கணும்?"

மச்சான் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அத்தனை நாள் மூஞ்சியில் மண் வாங்கிக்கொண்டு கிடந்தது இதற்காகவா! அந்த மனிதரையா நான் மறை கழன்ற ஆள் என்று நினைத்தேன்!

பட்டியல் மூடுவதற்குள் இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். திருவொற்றியூரில் மணல் வெளியில் பக்கத்துப் பக்கத்து மனை. அளந்து கொடுக்க நானும் போயிருந்தேன். அக்கா சாமான் இறக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நைனா சங்கிலி பிடித்த ஆளிடம் கிசுகிசுத்தார். "கல்லைக் கொஞ்சம் தெக்கால தள்ளி நடு நைனா. ஓரடி. யாரும் பாக்கல." தெற்கு அவருடைய மனை. அவருடைய கிசுகிசுப்பு மணலி வரை கேட்டிருக்கும், அக்காவுக்குக் கேட்காதா?

"யோவ்! இன்னாய்யா கல்லு உன் பக்கம் போய்க்கீது? உன்னாண்ட எவ பிச்சை கேட்டா? என் அளவு எனக்குத் தெரியும். ஆபீசர் தம்பி, எழுதிக்க, இந்த ஆளு ஓரடிய என் தலையில கட்றாரு, எனக்கு வாணாம்!"

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் பிலோமினாக்கா மனுவோடு நின்றார். ஹெட் கிளார்க் என்னைப் பார்த்தார். நான் புதுப் பைல் ஒன்றை எடுத்து வைத்தேன்.

ரொம்ப காலம் கழித்து நானும் ஒரு வீடு வாங்கினேன். பத்திரம் எழுதுகிறவர் நான்கு எல்லையையும் கேட்டார். கிழக்கே ரோடு, மேற்கே ஒரு வக்கீல், தெற்கே ஒரு வங்கிக்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாரும் தங்கமான மனிதர்கள், யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "வடக்கே?" என்று கேட்டார். காலி மனை என்று சொன்னேன். அங்கே ஓரடி நைனா மட்டும் வந்து உட்கார்ந்திருந்தால், சுவர் என்ன சுவர், பாதி வீட்டையே நான் விட்டுக் கொடுத்திருப்பேன்.